என் தலையில் என் பங்கு

மரணத்தைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் ஏராளமாக எழுதியாகிவிட்டது. ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அது போலீஸ்காரர்களும் தினசரிகளும் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாசாரம் என்று விட்டுவிட்டோம். தத்துவம் என்றால் நமக்கு ஒரு குறைந்தபட்ச உயரம் தேவைப்படுகிறது. ரிப்பேர், இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், அபராதச் சீட்டு இவையெல்லாம் அந்த உயரத்தை எட்டுவதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த எழுத்தாளர்களில் அநேகமாக எல்லோரும் மோட்டார் சைக்கிளில்தான் ஆபீஸ் போய்வருகிறார்கள். அவர்களுக்குச் சாவு என்றாவது எதிர்ப்பட்டால் அது சிக்னல் போடாமல் வலதுபக்கம் திரும்பும் ஒரு மணல் லாரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காம்யுவின் சாவை ஒரு கவிதை மாதிரிச் சொல்வது நம் வட்டத்தில் வழக்கம். 1960 ஜனவரி 4. பாரிஸுக்குப் போகும் சாலை. மரத்தில் மோதிய கார். பையில் உபயோகிக்காத ரயில் டிக்கெட். அபத்தத்தைப் பற்றி எழுதியவனுக்கு அபத்தமான சாவு என்று முடித்துவிட்டு அடுத்த டீக்குச் சொல்கிறோம். இதில் விட்டுப்போவது ஒன்று உண்டு. காம்யு காரை ஓட்டவில்லை. ஓட்டியவர் அவருடைய நண்பர் மிஷெல் காலிமார், பதிப்பாளர். காம்யு பக்கத்து ஸீட்டில் இருந்தார். காலிமாரும் சில நாட்களில் இறந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவியும் மகளும் பிழைத்தார்கள். அபத்தம் என்ற வார்த்தையைப் போட்டதும், வண்டி என்ன வேகத்தில் போயிற்று, டயர் எந்த நிலையில் இருந்தது என்ற கேள்விகள் அநாகரிகமானவையாகிவிடுகின்றன. எனக்கு அவைதாம் கேள்விகள் என்று படுகிறது. இன்னொருவர் ஓட்ட, நம்பி உட்கார்ந்திருப்பவரின் நிலைமையைப் பற்றி எந்த இருத்தலியல்வாதியும் போதுமான அளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

கவிஞரான நண்பர் ஒருவர் ஹெல்மெட் வாங்கி வைத்திருக்கிறார். அது அவருடைய பெட்ரோல் டாங்கின்மேல் சவாரி செய்கிறது. போலீஸ் நிற்கும் முக்குக்கு நூறு அடி முன்னால் தலைக்கு ஏறி, முக்கு தாண்டியதும் இறங்கிவிடும். கேட்டால், "என் தலை என்னுடையது. அதை உடைத்துக்கொள்கிற உரிமையும் என்னுடையதுதான்" என்பார். இதைச் சும்மா ஒரு சாமர்த்தியப் பேச்சு என்று தள்ளிவிட நான் தயாரில்லை. இதற்குப் பின்னால் ஒரு கௌரவமான தத்துவம் இருக்கிறது.

ஜான் ஸ்டூவர்ட் மில் பி.ஏ.யில் எங்களுக்கும் வந்தார். சுதந்திரத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 1859-ல் வெளியானது. பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்க மட்டுமே ஒருவன்மீது சமூகம் பலத்தைப் பிரயோகிக்கலாம். அவனுடைய சொந்த நன்மை அதற்குப் போதுமான காரணம் ஆகாது என்பது சாரம். அதில் ஒரு பாலம் வருகிறது. இடியும் நிலையில் இருக்கும் பாலத்தில் ஒருவன் விஷயம் தெரியாமல் ஏறப்போகிறான். சொல்லி எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுக்கலாம். ஆற்றில் விழ அவன் ஆசைப்படவில்லையாதலால் அது அவன் சுதந்திரத்தில் கை வைப்பதாகாது. ஆனால் ஆபத்து நிச்சயமில்லை, சாத்தியம் மட்டுமே என்றால், எச்சரித்துவிட்டு அவன் வழியில் விட்டுவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் இந்த இரண்டாவது ரகப் பாலம். தினமும் ஏறுகிறோம், தினமும் பத்திரமாக இறங்குகிறோம். எச்சரிக்கைப் பலகைகளுக்கும் குறைவில்லை. ஆக, மில்லின் கோர்ட்டில் கவிஞருக்குத்தான் ஜயம்.

(மில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீஸில் 1823-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்து 35 வருஷம் வேலை பார்த்தவர். தன்னுடைய கொள்கை பின்தங்கிய சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அதே புத்தகத்தில் ஒதுக்கியும் வைத்தார். அவருடைய மேஜைக்கு வந்த ஃபைல்களில் இருந்த நாமெல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. குமாஸ்தா என்ற முறையில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் வாத்ஸல்யமும் கொஞ்சம் கோபமும் உண்டு.)

ஹெல்மெட் என்ற யோசனையே ஒரு எழுத்தாளனின் மண்டை உடைந்ததிலிருந்து வலுப்பெற்றது என்பது நம் வட்டத்துக்குச் சுவாரஸ்யமாக இருக்கலாம். 1935 மே மாதம் டி.இ. லாரன்ஸ், அரேபியாவின் லாரன்ஸ், இங்கிலாந்தின் டார்ஸெட் பகுதியில் தன் ப்ரஃப் சுப்பீரியர் வண்டியில் போனபோது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்களுக்காக ஒதுங்கி, தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹ்யூ கெய்ன்ஸ். யுத்தம் வந்ததும் ராணுவத்தில் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களைக் கெய்ன்ஸ் ஆராய்ந்தார். 1941-ல் கட்டுரை வெளியிட்டார். அந்த வருஷமே ராணுவத்தில் ஹெல்மெட் உத்தரவாயிற்று. பிரிட்டனின் பொதுஜனங்களுக்குக் கட்டாயமானது 1973 ஜூனில். அதை எதிர்த்து ஃப்ரெட் ஹில் என்ற வயோதிகர் ஹெல்மெட்டுக்குப் பதிலாகத் துணித்தொப்பி போட்டுக்கொண்டு ஓட்டினார். அபராதம் கட்ட மறுத்தார், திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார், 1984-ல் ஜெயிலிலேயே இறந்துபோனார். நான் அவரோடு உடன்படவில்லை. ஆனால் அவரை மதிக்கிறேன். சுதந்திரத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தன் கையிலிருந்து கொடுத்தார். முக்குக்கு நூறு அடி முன்னால் ஹெல்மெட் மாட்டிக்கொள்ளும் சுதந்திரம் வேறு ஜாதி.

நம் ஊரில் இது சட்டமாக வந்த கதை இழுபறியானது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஓட்டுகிறவர், உட்கார்ந்திருப்பவர் இருவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2007 ஜூனில் கட்டாயம் என்றார்கள். அது தளர்ந்துபோய், சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதன்மேல் 2015 ஜூலை 1 முதல் மறுபடி கட்டாயம் என்றார்கள். கடைகளில் ஹெல்மெட் கிடைக்காமல் விலை ஏறியது. 2019-ஆம் வருஷத் திருத்தம் நூறு ரூபாயாக இருந்த அபராதத்தை ஆயிரமாக்கியது. கட்டாயத்தின் பக்கம் இருப்பவர்கள் சொல்லும் நியாயங்கள் எனக்குக் கட்டாயத்தைவிடச் சங்கடமாக இருக்கின்றன. ஒன்று, ஆஸ்பத்திரிச் செலவு. 1972-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வழக்கொன்றில் நீதிமன்றம் இதைத்தான் காட்டியது: நீ விழுந்தால் தூக்கிச் சுமப்பது சமூகம், ஆகவே நீ விழுவது உன் சொந்த விஷயமில்லை. இதை ஒப்புக்கொண்டால் பீடிக்கும் நெய்க்கும் உண்ணாவிரதத்துக்கும் இதே கணக்கை நீட்டலாம். ஸ்டிரெச்சர் வைத்திருப்பவன் என் மண்டைக்கும் சொந்தக்காரன் ஆகிவிடுவான். இன்னொன்று, வீட்டில் உங்களுக்காக ஒரு குழந்தை காத்திருக்கிறது என்ற ரக விளம்பரப் பலகை. குழந்தை இல்லாதவன் எப்படியும் போகலாமா என்று அது சொல்வதில்லை. கண்ணைக் கசக்க வைத்து ஒருவனை ஒழுங்குபடுத்துவது சினிமாவில் நடக்கலாம். அறவியலுக்கு அது உதவாது.

இந்த இரண்டு கட்சிகளையும் விட்டுவிட்டு என் கவுண்ட்டருக்கு வருகிறேன்.

விபத்தில் ஒருவர் இறந்து ட்ரிப்யூனல் நஷ்டஈடு தந்தால், மைனர் குழந்தையின் பங்கைத் தேசியமயமான வங்கியொன்றில் டெபாஸிட் போடச் சொல்வார்கள். குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அசலைத் தொட முடியாது. வட்டியை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாய் வாங்கிக்கொள்ளலாம். இப்படிப் போட்டுவைக்கும் முறையை 1990-களில் உச்சநீதிமன்றம் வகுத்தது. படிப்பறிவில்லாத விதவைகளிடமிருந்து மொத்தப் பணத்தையும் உறவுக்காரர்கள் பிடுங்கிக்கொள்வதைத் தடுக்க. எங்கள் கிளையிலும் அப்படிச் சில கணக்குகள் உண்டு. கணக்கின் தலைப்பில் எம்.ஸி.ஓ.பி. என்ற நான்கு எழுத்தும் ஒரு நம்பரும் ஒரு வருஷமும் இருக்கும். அது ஒரு ஆளாக இருந்தது என்பதை லெட்ஜர் சொல்லாது. வட்டிக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் ஒன்றும் பேசுவதில்லை. பாஸ்புக்கை நீட்டுவார்கள், கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள், பணத்தை எண்ணாமல் சுருட்டிக்கொண்டு போவார்கள். மற்ற வாடிக்கையாளர்கள் பத்து ரூபாய் குறைந்தாலும் மானேஜர் அறைக்குப் போகிறவர்கள். இவர்கள் எண்ணுவதில்லை. ஏன் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு.

அந்தத் தீர்ப்பு நகல்களைப் படிக்க நேர்ந்தபோதுதான் கவிஞரின் கேள்விக்கு யாரோ ஏற்கனவே பதில் எழுதிவைத்திருப்பது தெரிந்தது. ஒரு உயிருக்குக் கணக்குப் போடும் முறையை 2009-ல் உச்சநீதிமன்றம் ஒழுங்குபடுத்தி, 2017-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதிசெய்தது. வருஷ வருமானத்தை எடுத்துக்கொள். நாற்பது வயதுக்குள் நிரந்தர உத்தியோகம் என்றால், எதிர்கால உயர்வுக்காக அதில் பாதியைக் கூட்டு. பிறகு, இறந்தவன் தனக்கென்று செலவழித்திருக்கக் கூடியதைக் கழி. மிச்சத்தை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்கு. 31 முதல் 35 வரை 16. 36 முதல் 40 வரை 15. என் வயது 34. வரி போக மாதம் 50,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 6 லட்சம். பாதி கூட்ட 9 லட்சம். என் பங்கு கழிய 6 லட்சம். 16-ஆல் பெருக்க 96 லட்சம். இதோடு ஈமச் செலவுக்கு 15,000, சொத்து இழப்புக்கு 15,000, துணையை இழந்ததற்கு 40,000. இவை 2017-ல் வைத்த தொகைகள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பத்து சதவிகிதம் ஏறும். நான் லோன் பேப்பர்களில் போடுகிற வட்டிக் கணக்கைவிட இது சுலபம்.

என்னை நிறுத்தியது அந்தக் கழித்தல். இறந்தவனை நம்பி இரண்டு மூன்று பேர் இருந்தால் அவனுக்கென்று மூன்றில் ஒரு பங்கு; நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒன்று. எனக்கு மனைவி, மகள், அம்மா. ஆக, என்னில் எனக்கு மூன்றில் ஒன்று. கவிஞர் கல்யாணமாகாதவர், பொதுவாக அப்படிப்பட்டவனுக்குப் பாதியைக் கழிப்பார்கள். யாரும் இல்லாதவன் என்று தன்னைப் பற்றிக் கவிதை எழுதிக்கொள்கிற ஒருவனுக்குக்கூடப் பாதிக்குமேல் சொந்தம் என்று சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை! மில்லுக்கு இந்தப் பின்னம் தோன்றவில்லை. அவருடைய உலகத்தில் ஒரு காரியம் ஒன்று தன்னைச் சேர்ந்தது, அல்லது பிறரைச் சேர்ந்தது. மூன்றில் ஒன்று என்பது அவரிடம் கிடையாது.

இந்தக் கணக்கு ரூபாயைத்தான் எண்ணுகிறது என்பது எனக்குத் தெரியாமலில்லை. அதே கணக்கில் சம்பளமில்லாதவர்களின் கதி என்ன என்று பார்த்தால் போதும். 2001-ல் ஒரு தீவிபத்து வழக்கில் குடும்பப் பெண்ணின் வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று உச்சநீதிமன்றம் மதிப்பு வைத்தது.  ஆயினும் ஸ்டிரெச்சர் வாதத்துக்கும் இந்தக் கழித்தலுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே சமூகம் என்ற முகமில்லாத ஒன்று என் தலைமீது பாத்தியதை கொண்டாடுகிறது. இங்கே மூன்று பேருக்குப் பெயர் இருக்கிறது.

சட்டம் இன்னும் ஒருவனைப் பற்றிக் கவலைப்படுகிறது. அவனுக்குப் பெயர் இல்லை. இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் முதல் நபர் நான், இரண்டாம் நபர் கம்பெனி. நான் நாளைக்கு இடித்துவிடக் கூடிய, இன்னும் யார் என்று தெரியாத ஒருவன் மூன்றாம் நபர். 146-ஆம் பிரிவு கட்டாயமாகக் கேட்பது அவனுக்கான காப்பைத்தான். 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டி வாங்குகிறவன் அவனுக்காக ஐந்து வருஷத்துக்கு முன்கூட்டியே கட்டியாக வேண்டியிருக்கிறது. வண்டி வாங்கும் சந்தோஷத்தில் யாரும் அந்தத் தாளை வாசிப்பதில்லை. எனக்கு அது நம் காலத்து நீதிநூல்களில் வைக்க வேண்டிய வாசகமாகப் படுகிறது: வண்டியைத் தொடுமுன், உன்னால் கெடப்போகிற ஒரு அந்நியனை நினைத்துக்கொள்.

என்னால் என்று எழுதிவிட்டேன். ஆனால் என் வண்டி எந்த அளவுக்கு என் வசத்தில் இருக்கிறது?

வங்கியில் பெரிய தொகை எடுப்பதென்றால் ஒரு கை பதிய வேண்டும், இன்னொரு கை பாஸ் செய்ய வேண்டும். யாரும் யோக்கியன் இல்லை என்பதனால் இப்படி வைக்கவில்லை; எவ்வளவு யோக்கியனுக்கும் கண் தவறும் என்பதனால். மோட்டார் சைக்கிளில் இந்த இரண்டாவது கை கிடையாது. புகைக்கு சர்ட்டிபிகேட் உண்டு, பிரேக்குக்கு இல்லை. பதிவு செய்து பதினைந்து வருஷம் கழித்துப் புதுப்பிக்கப் போகும்போதுதான் அரசாங்கம் வண்டியைத் திரும்பிப் பார்க்கும். அதுவரை என் உயிரையும் மூன்றாம் நபரின் உயிரையும் பாஸ் செய்கிறவன் வேப்பமரத்தடியில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பையன்.

அவனை எனக்குப் பிடிக்கும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே டைமிங் செயின் தளர்ந்துவிட்டது என்று சொல்கிறவன். நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காது உண்டு? சென்ற மழைக்காலத்தில் பின்பிரேக்குக்குப் புது ஷூ போட்டுக் கொடுத்தான். "ரைட் ஸார், ஓட்டிப் பாருங்க" என்றான். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போகும் வழியில் வண்டி இழுக்க மறுத்தது. தாமிரபரணிப் பாலத்தின்மேல் கருகல் நாற்றம். (சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டி 1843-ல் திறந்த பாலம் அது. மில்லின் பாலத்தைப் போலில்லாமல் நன்றாகவே நிற்கிறது.) இறங்கிப் பின்சக்கர டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் இஸ்திரிப்பெட்டி மாதிரிச் சுட்டது. பிரேக் பெடலுக்கு விரல்கடை அளவு சும்மா அசையும் இடம் இருக்க வேண்டும். அதை இல்லாமல் முறுக்கிவிட்டால், காலை எடுத்த பிறகும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற இறுகும். கடைசியில் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். உருட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். "புது ஷூல்லா ஸார், செட்டாகணும்" என்றான் பையன், நட்டை இரண்டு சுற்று தளர்த்தியபடி. அவன் சொன்னது பொய்யில்லை. புது ஷூ செட்டாகத்தான் வேண்டும். ஆனால் அவன் விரல்கள் சொன்னதற்கும் வாய் சொன்னதற்கும் நடுவில் அந்த இரண்டு சுற்று இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் வண்டிக்கு, "டூப்ளிகேட் போதும் தம்பி, உள்ளே போனப்புறம் யாரு பாக்கப்போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையன் என்னைப் பார்த்தான். அவனுக்கு எது தர்மம் என்று கேட்டால், வாடிக்கையாளர் கேட்டதைப் போடுவதா, போட மறுப்பதா? மறுத்தால் அவர் எதிர்க்கடைக்குப் போவார். பிரேக் பிடிக்காமல்போகும் அன்று அடிபடுகிறவன் அந்த மரத்தடியில் இல்லை. மூன்றாம் நபருக்கு மெக்கானிக் கடையில் பிரதிநிதி கிடையாது.

ராபர்ட் பர்ஸிகின் மோட்டார் சைக்கிள் புத்தகத்தை இந்த இடத்தில் இழுக்காமல் இருக்க முடியவில்லை. 1974-ல் வெளிவந்த அதைக் கையில் வைத்துக்கொண்டு நம்மில் சிலர் ஒரு காலத்தில் ஜென் பேசினோம். வண்டியைத் தானே பழுதுபார்ப்பது தன்னையே பழுதுபார்ப்பது என்பது அதன் போக்கு. தன் பி.எம்.டபிள்யூவின் தளர்ந்த ஹாண்டில்பாருக்கு பீர் டப்பாத் தகட்டைச் சொருக மறுக்கும் நண்பன் அதில் கொஞ்சம் பரிகாசத்துக்கு உள்ளாகிறான். வேப்பமரத்தடியில் அந்தத் தகட்டை யாரும் மறுக்கமாட்டார்கள். அந்த மட்டில் நாம் பிறவியிலேயே ஞானிகள். எனக்கு அந்தப் புத்தகத்தில் மனசில் நின்றது வேறு. மின்னஸோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை அத்தனை தத்துவத்தையும் அப்பா யோசித்துக்கொண்டே ஓட்டுகிறார். பதினொரு வயது மகன் பின்னால் உட்கார்ந்துவருகிறான். கடைசிப் பக்கங்களில் அவன் கால்வைக்கும் கம்பியில் எழுந்து நிற்கும்போதுதான் தெரிகிறது, அதுவரை அவனுக்கு அப்பாவின் முதுகைத் தாண்டி எதுவும் தென்படவில்லை என்று. அவ்வளவு பெரிய புத்தகத்தில் சாலையைப் பார்க்காமலே சாலையில் வந்தவன் அவன் ஒருவன்.

பின்ஸீட்டின் நிலைமை இதுதான். குழி வருவது அவருக்குத் தெரியாது. பிரேக் அவர் காலில் இல்லை. நம் ஊரில் அவர் அநேகமாக ஒரு பெண். புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் குழந்தையையோ காய்கறிப் பையையோ பிடித்திருப்பவர். அந்தக் கைப்பிடிக்கும், சக்கரத்தில் புடவை சிக்காமல் மறைக்கும் தடுப்புக்கும் 1989-ஆம் வருஷ விதிகளில் தனி விதியே இருக்கிறது. குடும்பத்தில் ஒரு ஹெல்மெட் என்றால் அது ஓட்டுகிற ஆண் தலையில். போலீஸ் முதலில் பார்ப்பது அந்தத் தலையைத்தான். 2022 மே மாதம் சென்னையில் பின்னால் இருப்பவர்களையும் நிறுத்த ஆரம்பித்தபோது ஜனங்களுக்கு அது ஏதோ புதுச்சட்டம் மாதிரி இருந்தது. அந்த வருஷம் இந்தியாவில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 என்கிறது மத்திய அரசின் அறிக்கை. ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029. அதில் ஓட்டாமல் உட்கார்ந்து வந்தவர்கள் 14,337. என் தலை என்னுடையது என்ற வாக்கியத்தை இந்த 14,337 பேரில் யாருக்காவது பொருத்திப் பார்க்க முடியுமா என்று கவிஞரைக் கேட்டேன். அவர் பின்நவீனத்துவத்துக்கு மாறிவிட்டார்.

சட்டத்தின் அந்த உன்னதமான மூன்றாம் நபருக்கும் பின்ஸீட்டுக்கும் இடையில் ஒரு சோகம் நடந்திருக்கிறது. கட்டாயத்துக்கான குறைந்தபட்ச பாலிஸி மட்டும் எடுத்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்காகக் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று 2006-ல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எதிரே நடந்துவந்த முன்பின் தெரியாதவன் மூன்றாம் நபர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவள் மூன்றாம் நபர் இல்லை. முதல் நபரும் இல்லை, இரண்டாம் நபரும் இல்லை. கூடுதலாகப் பணம் கட்டி எடுக்கும் பாலிஸியில் அவளுக்கு இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் இலக்கணத்தில் அவளுக்கு இடமில்லை.

சாலையோரம் குவித்து விற்கிற தட்டுமுட்டு ஹெல்மெட்டைப் பற்றி இரண்டு வாக்கியம். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஹெல்மெட்டில் உழைப்பது வெளி ஓடு மட்டுமில்லை. உள்ளே இருக்கும் தெர்மக்கோல் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதால்தான் மூளை தப்பிக்கிறது, அதனால் ஒரு விழுகைக்குமேல் அதற்கு ஆயுசு கிடையாது. போலீஸுக்காக வாங்கும் ஹெல்மெட்டில் அந்தத் தெர்மக்கோல் இருப்பதில்லை. போலீஸ்காரர் உள்ளே பார்ப்பதில்லையல்லவா.

முத்திரை போட்ட இரண்டாவது ஹெல்மெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி டீவி மேல் வைத்தாள். "காது கேக்க மாட்டேங்குது. பூவெல்லாம் நசுங்குது. நாலு தெரு போறதுக்கு இது எதுக்குங்க? என் தலைய நான் பாத்துக்கிடுதேன்." (தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு 129-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. மல்லிகைப் பூவுக்கு இல்லை.) மில்லைப் படிக்காமலே மில்லின் வாக்கியம். நான் அவளுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஆயிரம் ரூபாய் அபராதம் என்றால், அது போலீஸ்காரரின் வாதம். குழந்தைக்கு நீ வேண்டும் என்றால், அது விளம்பரப் பலகை. ட்ரிப்யூனலின் பின்னக் கணக்கைச் சொல்லலாமென்றால், அதில் அவளுக்கு 2001-ல் வைத்தது மாதம் 3,000 ரூபாய்தான். அரசாங்கம் என்னிடம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் நினைத்த உரிமையை, கணவன் என்ற ஹோதாவில் நான் அவளிடம் எடுத்துக்கொள்வதா?

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அரசாங்கம் எனக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டவில்லை. அவளுக்கு முன்னால் நான் ஓட்டுகிறேன். மில்லின் உதாரணத்தில் பாலம் ஒன்று, ஏறப்போகிறவன் ஒருவன், தடுக்கலாமா என்று யோசிக்கிற மூன்றாவது ஆள் ஒருவன். அந்த மூன்றாவது ஆளாக என்னை நினைத்துக்கொண்டு நான் பேசிக்கொண்டிருந்தேன். அவளைப் பொறுத்தமட்டில் இடியக் கூடிய பாலம் நான்தான். பாலம் போய் நடக்கிறவளுக்கு எச்சரிக்கைப் பலகை மாட்டுமா?

இதை அவளிடம் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. ஏதோ சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நீங்க மெதுவாப் போங்க, அது போதும்" என்றாள். 40-லிருந்து 60-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. மோதலின் வலு இரண்டேகால் மடங்கு. ஹெல்மெட் என் கேள்வி, வேகம் அவளுடைய கேள்வி. என் கேள்விக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. பெரிய ரோட்டுக்குப் போனால் போட்டுக்கொள்கிறாள், கோயிலுக்கென்றால் மறுக்கிறாள். அவளுடைய கேள்விக்கு வேறு வழியில்லாமல் 35-ல் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னால் வரும் டவுன் பஸ் ஹாரனை விடாமல் அடிக்கிறது.